படுக்கும்போது ஒன்று

கண் செருகத் தொடங்கியதும் பதறி எழுந்து உட்காருகிறார். தலையணைக்கடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடுகிறார். அதற்குள் தூக்கம் போய்விடுகிறது. மாத்திரையைத் திரும்பக் குழிக்குள் வைத்து விரலால் அழுத்துகிறார். அந்த அட்டையில் எல்லாக் குழிகளும் கிழிந்திருக்கின்றன. மாத்திரைகள் உள்ளேயே இருக்கின்றன.

பணிமனையில் இரவெல்லாம் பேருந்து கழுவுகிறவர். காலையில் திரும்பும்போது விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் படுப்பார். மாடி வீட்டு மிக்ஸி ஓடும். தெருவில் யாராவது ஹாரன் அடிப்பார்கள். தூக்கம் வந்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும்.

ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று சொன்ன டாக்டர், “ராத்திரி படுக்கும்போது ஒண்ணு” என்றார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

“தூக்கத்துலதான் அது வேலை செய்யுமாம். தூங்காதவனுக்கு மாத்திரை எதுக்கு? விழலுக்கு எறைச்ச தண்ணி” என்பார் இவர்.

மருந்துக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். “இந்த மாத்திரைய எப்ப வேணா போடலாம் அண்ணே. தெனமும் போட்டாப் போதும்.”

“விக்கிறவன் நீ, அப்படித்தான் சொல்லுவ. டாக்டர் என்ன சும்மாவா படிச்சாரு?”

வாளியைத் தூக்கினால் இப்போது நெஞ்சை அடைக்கிறது. அதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் கத்திவிட்டாள்.

“மாத்திரையில என்ன இருக்கு? உங்களுக்குத் தூங்கத்தான் பயம்.”

இவருடைய அண்ணன் இதே வயதில் தூக்கத்தில் இறந்தவர். காலையில் எழுப்பப் போனது இவர்தான்.

“புண்ணியவான், கஷ்டப்படாம போயிட்டாருன்னாங்க எல்லாரும்” என்றார் சுவரைப் பார்த்து. “போர்வைய இறுக்கிப் புடிச்சிருந்தாரு. வெரல ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சேன்.”



நேற்று நடுப்பகலில் அசந்துவிட்டார். வாய் திறந்திருந்தது. மாத்திரையும் தண்ணீருமாக வந்தவள் எழுப்பவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூச்சுச் சத்தம் கேட்பதற்காக மின்விசிறியை நிறுத்தினாள்.