ஜெனரேட்டருக்கு ரெஸ்ட் நேரம்: திருச்சுழி சாலையில் ஒரு சர்வர் வேலை

கோயில் பார்க்கவோ கண்மாய் பார்க்கவோ நான் அருப்புக்கோட்டைக்குப் போகவில்லை. திருச்சுழி சாலையில் ஒரு விசைத்தறி மில்லில் இருக்கும் இரண்டு ஸ்டோரேஜ் சர்வர்களின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றப் போனேன். போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. தறி ஓடாது, ஆபீஸ் மட்டும் ஜெனரேட்டரில் ஓடும். சர்வரில் கை வைக்க இதைவிடத் தோதான நாள் கிடைக்காது என்று நானேதான் தேர்ந்தெடுத்தேன். என் சாமர்த்தியத்தை இப்போதே மெச்சிக்கொள்ளுங்கள், பிறகு வாய்ப்பு இருக்காது.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். பஸ் ஸ்டாண்டு எதிரே இட்லி, காப்பி 50 ரூபாய். அங்கிருந்து மில் ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 220.

"மில்லுல இன்னைக்கு கரண்ட் இல்லையே சார், போயி என்ன செய்யப் போறீக?" என்றார் ஆட்டோக்காரர்.

"கரண்ட் இல்லைன்னுதான் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு பக்கமும் கரிசலும் சீமைக்கருவேலமும்தான். எட்டரைக்கே வெயில் உறைத்தது.

சர்வர் அறை பழைய நூல் கிட்டங்கியின் ஒரு மூலை. ஸ்டோரேஜ் இரண்டு போக வேறு மூன்று சர்வர்களுக்குள் பத்து மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளாலேயே ஆன கணினிகள். வருகைப்பதிவு ஒன்றில், சரக்கு ஒன்றில், சேலை டிசைன்கள் ஒன்றில். பத்தின் தரவும் ஸ்டோரேஜ் சர்வர் இரண்டிலும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஒரே நேரத்தில் பதிவாகும். ஒன்றை நிறுத்தி மென்பொருளை மாற்ற வேண்டும், அது மற்றதிலிருந்து விட்டுப்போனதை எல்லாம் பிரதியெடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

டிசைன் பிரிவு முழுக்க ராஜேஸ்வரி அக்கா பொறுப்பு. பதினொரு வருடமாக அவர் வரைந்த பார்டரும் முந்தானையும் அந்த ஸ்டோரேஜில்தான் இருந்தன. நான் உட்கார்ந்ததும் வந்து நின்றார்.

"டிசைனுக்கெல்லாம் இன்னொரு காப்பி எடுத்துட்டீகளா சார்?"

பேக்கப் டிஸ்க்கை ஒன்பது மணிக்குப் பார்த்திருந்தேன். மூன்று மாதமாக அதில் எதுவும் ஏறவில்லை. புதிதாக எடுக்க எட்டு மணி நேரம் ஆகும், மதுரைக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. "ரெண்டு இடத்துல இருக்குக்கா, பயப்படாதீக" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

முதல் சர்வர் பன்னிரண்டு மணிக்குப் புதிய பதிப்பில் எழுந்து பிரதியெடுக்கத் தொடங்கியது. ஒரு மணிக்கு 46 சதவீதம். அந்த நேரத்தில் வெளியே ஜெனரேட்டர் சத்தம் நின்றது. ஏசியும் நின்றது. யூ.பி.எஸ். திரையில், பேட்டரி இன்னும் இருபத்திரண்டு நிமிடம் தாங்கும் என்று காட்டியது.

கொட்டகைக்கு ஓடினேன். ஜெனரேட்டர் ஓட்டும் சோலைராஜ் அண்ணன் ரேடியேட்டர் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு, தூக்குவாளியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒரு மணிக்கு வண்டிக்கு ரெஸ்ட்டு சார். கரண்ட் இல்லாத அன்னைக்கெல்லாம் அப்படித்தான். ஆபீஸும் சாப்பிடப் போயிருவாகல்ல, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த வழக்கத்தை யார்தான் தனியாக வந்து சொல்வார்கள்?

"உடனே போட முடியாதாண்ணே?"

"தண்ணி ஊத்தாம ஓட்ட முடியாது சார், கொதிக்கிற வண்டியில பச்சத் தண்ணிய ஊத்துனா வெடிப்பு விட்டுரும். அரை மணி நேரம் ஆறணும். அதுக்கு முன்னாடி நான் தொட மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். அவர் இயந்திரம் அவருக்கு, என் இயந்திரம் எனக்கு. எல்லாவற்றையும் முறைப்படி அணைத்துவிடலாம்தான். ஆனால் அரைகுறைப் பிரதியோடு இருக்கும் சர்வர் முதலில் எழுந்து தன்னிடம் இருப்பதே சரி என்று நினைத்துக்கொண்டால், நல்ல பிரதியின் மேல் அதையே எழுதிவிடும். வேறோர் ஊரில் ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். சர்வர் அறைக்குத் திரும்பி ஓடினேன்.

ராஜேஸ்வரி அக்கா சர்வர் அறைக் கதவைத் திறந்து வைத்து, குறுக்கே ஸ்டூலைப் போட்டிருந்தார். உள்ளே அனல் ஏறியிருந்தது.

"யூ.பி.எஸ். சுமையைக் குறைக்கணும்க்கா. எது எதை நிறுத்தலாம்?"

"வருகைப்பதிவ நிறுத்துங்க, சாயங்காலம் வரைக்கும் யாரும் கை வைக்கப் போறதில்ல. சரக்கும் மத்ததும் இன்னைக்குத் தேவையில்ல, நிறுத்துங்க. டிசைனையும் நிறுத்திருங்க, நான் வரையாம இருந்துக்கிறேன்."

ஒவ்வொன்றாகப் பத்தையும் அணைத்தேன். காலியான மூன்று சர்வர்களையும் அணைத்தேன். ஸ்டோரேஜ் இரண்டு மட்டும் ஓடின. யூ.பி.எஸ். முப்பத்தெட்டு நிமிடம் என்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மீதம் ஒன்பது நிமிடம் இருந்தபோது ஜெனரேட்டர் உறுமியது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிரதி 2.20க்கு முடிந்தது.

இரண்டாவது சர்வரை அன்று தொடவில்லை. புது டிஸ்க்கில் முழு பேக்கப் போட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் லாட்ஜ் எடுத்தேன், 700 ரூபாய். மறுநாள் காலை ஒன்பதுக்கு ராஜேஸ்வரி அக்கா நாலைந்து பழைய டிசைன்களை டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்தார். பிறகு அதைக் கழற்றித் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இப்பச் செய்யுங்க" என்றார். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது.

இந்தப் பக்கம் இதே வேலையாக வருபவர்களுக்கு: தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டு வாருங்கள். திரும்பும் ஆட்டோவைக் காலையிலேயே பேசி வையுங்கள். யூ.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், ஜெனரேட்டர்காரர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று கேளுங்கள்.

கிளம்பும்போது அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நேத்து நீங்க கேட்டப்ப காப்பி இல்லக்கா. பஸ்ஸுக்கு நேரமாகும்னு எடுக்கல."

"தெரியும் சார். நேத்து கொட்டகையில இருந்து நீங்க ஓடி வந்தீகள்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆட்டோ நிக்குது, போயிட்டு வாங்க."