கொல்லாத ஊசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது ஸுலைஹா தையல் மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்குப் பிடித்த கோபம். புத்தளத்தில் இன்னொரு மெஷின் வாங்கி, ஊராருக்கெல்லாம் கல்யாணச் சட்டை தைத்து, மகள் நிஃப்லாவைக் கட்டிக்கொடுத்த பிறகும் அது தணியவில்லை. அவளோடு வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

அப்படிப்பட்டவளிடம்தான் போன மாதம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மாப் கேட்டார்கள். வேலிச் சண்டையில் வருடக்கணக்காக முகம் பார்க்காத பக்கத்துவீட்டுக்காரி வந்தாள். தைக்கக் கொடுத்த துணியைத் திருடினாள் என்று இவள்மேல் கதை கட்டியவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹஜ்ஜுக்குப் போகிறவரிடமும் மௌத்தை நெருங்கிச் சாகக் கிடப்பவரிடமும்தான் இப்படி வந்து மன்னிப்புக் கேட்பார்கள். ஸுலைஹா ஹஜ்ஜுக்குப் போகவில்லை.

"என்னடி நடக்குது?" என்று மகளைப் பிடித்து உலுக்கினாள்.

நிஃப்லா அழுதுகொண்டே சொன்னாள். "மாமா டொக்டரோட கதைச்சாராம் உம்மா. அந்த ஊசி புற்றுநோயைக் கொல்ற ஊசி இல்லையாம். இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேணாம், வீட்டில நிம்மதியா இருக்கட்டும் எண்டு மாமா முடிவெடுத்துட்டார்."

ஸுலைஹாவின் ரத்தத்தில் புற்று தொடங்கியிருந்தது. மாதம் ஒரு தவணை ஊசி. இரண்டு தவணை முடிந்ததும் ரத்தம் குறைந்து உடம்பு இன்னும் விழுந்துபோனது. மூன்றாவது தவணை தள்ளிப்போயிருக்கிறது என்று அண்ணன் பாறூக் நானா சொன்னதை அவள் நம்பிப் படுத்திருந்தாள். அவளுடைய உயிரை அவளிடமே கேட்காமல் முடித்து வைத்துவிட்டார், பெரிய மனுஷன்!

மறுநாளே மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"கொல்லாதுதான் அம்மா," என்றாள் வார்டிலிருந்த இளம் பெண் டொக்டர். "உங்கட நானாவிட்ட நான்தான் சொன்னனான். மிச்சத்தைக் கேக்க முதலே அவர் எழும்பிப் போயிட்டார்."

மிச்சம் இதுதான். உயிரணுவுக்குள் மரபு நூல் சுருட்டிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 'பெருகினது போதும், நில்' என்று சொல்லும் மரபணுக்களும் அதில் உண்டு. இந்த நோயில் அவற்றின் மேல் அடையாளங்கள் ஒட்டிக்கொள்கின்றன. நூல் அந்த இடத்தில் இறுகி மூடிவிடுகிறது. அறுந்து போகவில்லை, மூடித்தான் கிடக்கிறது. ஊசி அந்த அடையாளங்களைக் களைந்து மூடியதைத் திறக்கப் பார்க்கிறது.

சட்டைப் பையின் வாயைத் தைத்துவிட்டால் கை உள்ளே போகாது. பை கிழிந்துவிட்டதென்று சட்டையை எறிவார்களா? ஸுலைஹாவுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப ஏன் ரத்தம் குறைஞ்சது?"

"முதல்ல குறையும். ஆறு மாசமாவது போட்டாத்தான் பலன் தெரியும். எல்லாருக்கும் கேக்கும் எண்டு சொல்லமாட்டன். ஆனா நடுவில விட்டா, போட்டதும் வீண்."

அன்றே ஊசி தொடங்கியது. பின்னேரம் பாறூக் ஓடிவந்தார். டொக்டர் முழுவதையும் மறுபடி சொல்லக் கேட்டதும் தங்கையின் கட்டிலருகே வந்து நின்றார்.

"பிழையா விளங்கிட்டன் தங்கச்சி. மாப் பண்ணு."

வந்த எல்லோருக்கும் மாப் கொடுத்தவள் இவருக்குக் கொடுக்கவில்லை.

"மாட்டன் நானா. பாதிக் கதையைக் கேட்டுட்டு என்னைக் கபுறுக்கு அனுப்பப் பாத்தீங்க. இனி ஒவ்வொரு தவணைக்கும் நீங்கதான் என்னைக் கூட்டி வரணும். எல்லாம் முடிஞ்சு நான் உசிரோட இருந்தா, அப்ப வந்து கேளுங்க. இல்லாட்டி உங்களுக்கு மாப் இல்ல."