யோகேஸ்வரி வாசலில் கிடந்த செருப்பு

சந்திரமதிக்குப் பொறாமை வந்தால் துடைப்பத்தைத் தூக்கிவிடுவாள். அவள் வாசல் பளிச்சென்று இருந்தால் பக்கத்து வீட்டில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று ஸ்கூடாயில் அந்த வரிசை வீட்டுக்காரர்களுக்கெல்லாம் தெரியும். பக்கத்து வீடு வேறு யாருடையதும் இல்லை, அவள் கொழுந்தன் வசந்தனுடையது. அதாவது, ஓரகத்தி யோகேஸ்வரியுடையது.

கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் சந்திரமதி. பள்ளிக்கூட வேன் ஓட்டும் வீரமுத்துவைக் கட்டிக்கொண்டு, பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டியே பிள்ளைகளை ஆளாக்கியவள். உழைப்பில் அவளைக் குறை சொல்ல முடியாது. மனசைத்தான் சொல்ல வேண்டும். வசந்தன் தினமும் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அந்தச் சம்பளத்தில் யோகேஸ்வரிக்கு வாரம் தவறாமல் பார்சல் வரும். ஒவ்வொரு பார்சலுக்கும் சந்திரமதியின் வயிறு எரியும். போதாக்குறைக்கு, மாமியார் தன் பித்தளை முறுக்கு உரலை மூத்த மருமகளுக்குத் தராமல் இளையவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அதை மட்டும் சந்திரமதியால் மன்னிக்கவே முடியவில்லை.

தீபாவளிக்கு முந்தின மாதம், ஒரு பகல் வேளை. ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன் பெரிய பையோடு வந்து, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று சந்திரமதியைக் கேட்டான். யோகேஸ்வரி வாசலில் அவளுடைய சிங்கப்பூர்ச் செருப்பு கிடந்தது. பூப்போட்ட வார் வைத்தது. சந்திரமதி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "ஆள் இல்லை" என்றாள். பார்சல் வந்த வழியே திரும்பிப் போகட்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அவனோ பின்னால் வைத்துவிட்டுப் போகிறேன் என்று தலையாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான்.

அது என்ன பார்சல், எவ்வளவு பெரிது என்று தெரியாமல் இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் பின்கட்டுக்கு ஓடினாள். அதற்குள் அங்கே சமையலறைக் கம்பிக்கதவு நெம்பித் திறந்து கிடந்தது. உள்ளே ஓர் அலறல், 'ணங்' என்று ஒரு சத்தம். தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்து வந்தவன் சுவரேறிப் பெரிய சாக்கடைக்குள் குதித்தான், கால் மடங்கி அங்கேயே விழுந்தான். யோகேஸ்வரி முறுக்கு உரலோடு பின்வாசற்படியில் நின்றாள். படியை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. சந்திரமதி துணிக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

அன்று மாலையே யோகேஸ்வரி அந்த வட்டாரத்துக்கே வீராங்கனை ஆகிவிட்டாள். நம்மவர்களைத்தான் தெரியுமே, ஒருவரைப் பிடித்துவிட்டால் மாலை போடாமல் விடமாட்டார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கை தட்டத் தட்ட யோகேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. திருடனைச் சாக்கடை வரைக்கும் துரத்திப் போனதாகவும், விழுந்தவனை எழுந்திருக்க விடாமல் சாத்து சாத்தென்று சாத்தியதாகவும் அள்ளிவிட்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சந்திரமதிக்குப் பொய் என்று தெரியும். அந்தப் பொன்னாடையின் சரிகை அவள் கண்ணை உறுத்தியது. தனக்கென்று யார் என்றைக்கு ஒரு கைக்குட்டையாவது போர்த்தினார்கள்?

பேச்சு வீடியோவாகி ஊரெல்லாம் சுற்றியது. ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப்போட்டுக் கிடந்த திருடனும் அதையேதான் சொன்னான்: விழுந்த பிறகும் அடித்தார்கள், அதில்தான் கால் உடைந்தது. போலீஸ் யோகேஸ்வரியை அழைத்துக் கேட்டது, முறுக்கு உரலையும் எடுத்துக்கொண்டு போனது. சந்திரமதிக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஒளித்து என்ன, அன்றைக்கு அவள் பாயாசமே வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன் வசந்தனிடம் விஷயத்தைப் பட்டென்று உடைத்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள பூந்தவன அடிச்சா அது தற்காப்பு. அதுவும் தேவையான அளவுக்குத்தான். ஓடிப்போய் விழுந்து கெடக்கிறவன அடிச்சா அது வேற கேஸ் லா. ஒங்க மனைவி மைக்ல அவங்களே சொல்லியிருக்காங்க. பாத்தவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

யோகேஸ்வரி அன்று சந்திரமதி வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஒரே ஒரு அடிதான் அடித்தேன், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, கை தட்டினார்கள், வாய் போய்விட்டது என்று அழுதாள். ஜெயிலுக்குப் போனால் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள் என்று கேட்டாள். சந்திரமதிக்கு அவளிடம் பொறாமைப்பட அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. பார்த்ததைச் சொன்னால், திருடனுக்கு வழி காட்டியவள் யார் என்பதும் வெளியே வரும். ஆனாலும் அந்தப் பயத்துக்கு நடுவே இன்னோர் எண்ணமும் எட்டிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் இவள் ஜெயிலுக்கும் போகமாட்டாள், அந்தப் பொன்னாடையும் பொய்யாகிவிடும்.

எது அவளைக் கிளப்பியதோ, மறுநாள் யோகேஸ்வரியோடு புருஷன் வேனில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

ரூபேந்திரன் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். அடித்தது ஒரே அடி, அதுவும் வீட்டுக்குள். யோகேஸ்வரி படியைத் தாண்டவே இல்லை. அவன் தானாகத்தான் குதித்தான், தானாகத்தான் விழுந்தான். மேடைப் பேச்சில் விழுந்த அடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்யும்போது அவள் குரலில் கொஞ்சம் ருசிகூட இருந்தது. நீங்கள் அங்கே எப்படி நின்றீர்கள் என்று அவர் கேட்டபோது குரல் இறங்கியது. பார்சல்காரன் என்று நினைத்து, ஆள் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோகேஸ்வரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

வழக்கு வராது என்ற தகவல் சில நாளில் வந்தது. உரலும் திரும்பி வந்தது. தகவல் வந்த அன்று யோகேஸ்வரி இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவரருகே வந்து நின்றாள். சந்திரமதி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல ஆள் இல்லன்னு சொன்னீங்களேக்கா. அன்னிக்கு என் செருப்பு வாசல்லதான கெடந்துச்சு?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. கவனிக்கவில்லை என்றால் யோகேஸ்வரி நம்பியும் இருப்பாள். சந்திரமதி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"பாத்தேன் யோகேஸு. வயித்தெரிச்சல்ல சொன்னேன். பார்சல் திரும்பிப் போவட்டும்னு."

யோகேஸ்வரி திட்டவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தீபாவளிக்கு வழக்கம்போல முறுக்குத் தட்டு வந்தது, இந்த முறை வசந்தன் கையில்.

இப்போதும் யோகேஸ்வரிக்குப் பார்சல் வருகிறது. சந்திரமதி இப்போதும் வாசல் கூட்டுகிறாள், கூட்டும்போது கண் தானாகப் பக்கத்து வாசலுக்குப் போகிறது. அங்கே செருப்பு இல்லை. யோகேஸ்வரி அதை வீட்டுக்குள்ளேயே கழற்றி வைத்துக்கொள்கிறாள்.