கோட்டாப் பஞ்சின் முதற்பலன்

கேரள எல்லையோரம் அமரவிளைப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த நூல்மில்லைப் பூட்டியதும் என் வீட்டுக்காரர் அம்பூரிக்கு ரப்பர் வெட்டப் போனார். ஒட்டுப்பால் நாறும் சட்டையோடு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "மில்லு தெறந்தா போதும்" என்பார். அவருக்கு வேறு ஜெபம் கிடையாது. நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் இருந்த எனக்கும் அதுதான் ஜெபம்.

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் கேட்டுக்கு வரச்சொன்னார். வெளிநாட்டுப் பஞ்சுக்குக் கோட்டா கிடைத்துவிட்டதாம். இவ்வளவு பஞ்சை வரியில்லாமல் இறக்கிக்கொள் என்று சர்க்கார் அளந்து கொடுப்பதற்குப் பெயர் கோட்டா. சொந்தமாக நூல் நூற்கிற மில்லுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். வாங்கி வேறு ஆளுக்கு விற்கக் கூடாது. "இனி வருஷம் முழுக்க ஓட்டம் உண்டு" என்றார். நாங்கள் கைதட்டினோம்.

ஒரு லாரி வந்தது. மிஷின் ஓடியது. இழை நீண்ட வெள்ளைப் பஞ்சு, நூல் அறுபடவே இல்லை. முதல் கோன் நிறைந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் சபையில் எதிலும் முதலில் கிடைப்பதை அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோய்ப் படைப்போம். மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, ரப்பர் ஷீட், எல்லாம் வரும். ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் விடுவார்கள். நான் மேனேஜரிடம் கேட்டு அந்தக் கோனைக் கொண்டுபோனேன். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை, ஆனாலும் வந்திருந்தார். விடாமல் ஏலம் கேட்டு அவரே கோனை எடுத்தார். அதை என் கையில் கொடுத்து, ஜனங்களையெல்லாம் பின்னால் நிறுத்திப் படமும் பிடித்தார். நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

அடுத்த வாரம் மறுபடி பூட்டு.

லாரி ஓட்டும் என் தம்பிதான் விஷயத்தைச் சொன்னான். "அக்கா, பாக்கி லோடெல்லாம் தூத்துக்குடி ஹார்பர்ல இருந்து நேரா வேற மில்லுக்காக்கும் போச்சு. வித்தாச்சு. நானும் ஓட்டினேன்." அமரவிளையில் எல்லைச் செக்போஸ்ட் இருந்த காலத்தில் பஸ்ஸில் போகிறவளின் அரிசிப் பையைக்கூடப் பிரித்துப் பார்ப்பார்கள். கப்பலில் வந்த பஞ்சு காணாமல் போகிறது, கேட்க ஒரு நாதி இல்லை.

கோட்டாப் பஞ்சை யார் நூற்றார்கள் என்று பார்க்க ஒரு ஆபீசர் வருவதாகத் தெரிந்ததும், நான்தான் நாலுபேரைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். காரை மறித்து, "சாரே, வந்தது ஒரே லோடு. மத்தது இங்க எறங்கவே இல்ல" என்றேன்.

ஆபீசர் கண்ணாடியை இறக்கி, போனைத் தடவி, எனக்கு நேராக நீட்டினார்.

"சேச்சி, இது நிங்ஙள் தன்னெயல்லே?" என்றார் மலையாளத்தில்.

நான்தான், மேனேஜர் பிடித்த படத்தில். கையில் கோன், வாயெல்லாம் பல், பின்னால் சபை முழுவதும்.

"பஞ்சு வந்நதினு தெய்வத்தினு நன்றி பறஞ்ஞிட்டு, இப்போ வந்நில்லென்னோ?" பஞ்சு வந்ததற்குத் தெய்வத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இப்போது வரவில்லை என்கிறாயா என்று கேட்கிறார்.

மேனேஜர் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார். பக்தியோடு கொண்டுபோன பொருளை இந்தத் திருட்டுக்குச் சாட்சியாக்கிவிட்டானே பாவி என்று உடம்பெல்லாம் கூசியது. அன்று குளித்தும் அந்தக் கூச்சம் போகவில்லை.

அடுத்த பண்டிகை நெருங்கியபோது மில்லுக்கு மறுபடி கோட்டா கிடைத்ததாகச் சொன்னார்கள். மில் திறக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே மேனேஜர் ஏலத்தில் எடுத்த அதே கோன், தூசி படிந்து மஞ்சளாகியிருந்தது.

"மேனேஜர் தந்தாரு. பண்டிகைக்கு இதையே கொண்டு போணுமாம். மில்லு தெறந்தா என்னைத்தான் முதல்ல எடுப்பாராம்."

"ஒங்களுக்கு வெக்கமா இல்லியா?"

"வெக்கத்த வச்சு என்ன செய்ய? ஒரு நாளு நீ அம்பூரி மலை ஏறிப் பாரு."

நான் கவரை வாங்கி வைத்தேன். ஊரறியச் சொல்ல ஒரு இடம் கிடைத்ததே என்றுதான் வாங்கினேன்.

ஏலத்தில் கோனின் முறை வந்தது. நான் எழுந்து முற்றத்தின் நடுவே போய் நின்றேன். "இது போன வருஷத்து நூலாக்கும். இந்த வருஷம் மில்லில ஒரு பொதி பஞ்சு எறங்கல்ல. பொய்யக் கொண்டு கர்த்தருக்குப் படைக்கண்டாம்" என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

ஏலம் விடுகிறவர் எங்களோடு மில்லில் இருந்தவர். என் முகத்தைப் பார்க்காமல், "மக்கா, மில்லு தெறக்கண்டாமா? சும்மா போய் இரி" என்றார். பிறகு கோனை உயர்த்திப் பிடித்து, "ஆரு கேக்குதிய?" என்று கூவினார். மேனேஜர் படம் பிடிக்கப் போனைத் தூக்கினார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு கையும் எழவில்லை. நான் சொன்னது ஏறிவிட்டது, இந்த ஒரு தடவையாவது இந்த ஜனங்களுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. ரப்பர் கறை பிடித்த கை. என் வீட்டுக்காரருடையது.