நாடாத் தழும்பு

என் இடுப்பில் கறுப்பாக ஒரு கோடு இருக்கிறது. பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கி விழுந்த தழும்பு. போடியிலிருந்து ஜீப்பு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பொம்பளைகளில் இது இல்லாதவள் கிடையாது. நாடாவைத் தளர்த்திக் கட்டினால் ஆகாது. காய் போடுகிற பையும் மழைக்குச் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளும் அந்த இடுப்பில்தானே தொங்க வேண்டும்! சாயங்காலம் முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் அரிக்கும், எரியும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு அடுத்த சோலியைப் பார்ப்போம். அதை ஒரு புண் என்று யாரும் நினைத்ததில்லை.

என் நாத்தனாரும் நானும் ஒரே ஜீப்பில் போகிறவர்கள். என் வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். போடிமெட்டு வளைவுகளில் நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் எதிரில் இருப்பவளிடம் கதையடித்துச் சிரித்துக்கொண்டு வருவாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அவளை விட்டால் அதுகளுக்கு வேறு நாதி இல்லை.

அந்த மழைக்காலத்தில் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. செடியின் தூரையே கிளறிப் போட்டுவிடும். பன்றி விட்டுவைத்த காயை எலி கடித்தது. ஓரமெல்லாம் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. எந்தத் தேசத்திலிருந்தோ வந்த செடி, வெட்ட வெட்டத் தழைக்கிறது, எலிக்கெல்லாம் அதற்குள்தான் குடித்தனம். ஏலக்காயோ தரையோடு தரையாகக் காய்க்கிறது. பன்றி படுத்த இடம், எலி ஓடின இடம் என்று பார்த்தால் பிழைக்க முடியுமா? அங்கேயேதான் நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். நாங்கள் பயந்ததெல்லாம் அட்டைக்குத்தான். அந்தச் சனியனாவது கண்ணுக்குத் தெரியும், புகையிலைத் தூளைத் தேய்த்தால் விழுந்துவிடும்.

நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வந்தாள். மூன்றாம் நாள் ஜீப்பில் சிரிப்பைக் காணோம். “தல வெடிக்குது மதினி, கண்ணத் தொறக்க முடியல” என்றாள். நாலைந்து நாள் ஊசியும் போட்டுப் பார்த்துக் கேட்காமல், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டர் சின்ன வயசுக்காரர். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். “தோட்டத்து வேலையாம்மா? உடம்புல எங்கயாச்சும் சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பாப் பொருக்கு இருக்கா? வலிக்காது, அரிக்காது. நல்லாப் பாத்துச் சொல்லணும்” என்றார். நர்சம்மா திரையை இழுத்தாள். என் நாத்தனார் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “மதினி பாக்கட்டும். நீங்க போங்க” என்றாள். அந்தக் காய்ச்சலிலும் என்ன வெட்கமோ!

நான் பார்த்தேன். அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால். இடுப்பில் நாடா விழுகிற இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எந்தச் சாமி முன்னாலும் நான் சொல்ல முடியாது. என் இடுப்பிலும் அதே இடத்தில் அதே கறுப்பு. இதையெல்லாமா ஒரு ஆம்பளையிடம் போய்ச் சொல்வது? நானோ விடியுமுன்னே எழுந்தவள், காலெல்லாம் கடுத்தது, வீட்டில் உலை வைக்க வேண்டும். திரையை விலக்கிக்கொண்டு வந்து, “ஒண்ணுமில்ல சார்” என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள். என்னென்னவோ மருந்து ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. காதுக்குள் வண்டு கத்துகிறது என்றாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து “ஆத்தா” என்றாள். அவள் ஆத்தா செத்து எத்தனையோ வருஷம். பெரிய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அத்த, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் ஈரத்துணியால் அவளுக்கு உடம்பு துடைத்தேன். சேர்த்த அன்றே சேலை பாவாடையை மாற்றி நைட்டி போட்டிருந்தார்கள். மூன்று நாளாக நாடா இல்லை. இடுப்புக் கோடு எண்ணெய் போட்டதுபோல வழவழவென்று கொஞ்சம் வெளுத்திருந்தது. அந்தப் பொருக்கு மட்டும் அப்படியே இருந்தது, பாசிப்பயறு அளவில், சுற்றிலும் சிவந்து. துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டர் வந்து பார்த்தார். “இதுதாம்மா. எலி மேல இருக்கிற பூச்சி, கண்ணுக்கே தெரியாது. புல்லு, புதர்ல இருந்து நம்ம மேல ஏறிக் கடிச்சிரும். எப்பருந்து இருக்கு இது?”

“இப்பத்தான் சார் பாத்தேன்.”

“நல்ல கண்ணும்மா உங்களுக்கு” என்றார்.

மருந்தை மாற்றினார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. நம்பவே முடியவில்லை. இவ்வளவுதானா! இதை முதல் நாளே கொடுத்திருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

அவள் பிழைத்துவிட்டாள். இடது காதுதான் திரும்பவில்லை. எதுவானாலும் வலது பக்கம் போய்ச் சொன்னால்தான் கேட்கும். தெம்பு வந்ததும் மறுபடி அதே ஜீப்பு, அதே தோட்டம். வேறு எங்கே போவது? பன்றியும் எலியும் அங்கேதான் இருக்கின்றன. காது கேட்காதவள் குரலை உயர்த்தி, ஜீப்பு முழுக்கக் கேட்கும்படி, “எங்க மதினி மட்டும் பாக்கலேன்னா என் பிள்ளைக அநாதையாத்தான் நின்னிருக்கும்” என்கிறாள். மற்றவர்களும், “டாக்டரம்மா, எங்க இடுப்பையும் பாத்துச் சொல்லு” என்று கேலி செய்கிறார்கள். போடிமெட்டு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வருகிறேன். எனக்கு அலுத்துப்போய்விட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

இப்போது தினமும் வேலை விட்டு வந்ததும் உள்ளறையில் ஒருத்திக்கு ஒருத்தி பார்த்துக்கொள்கிறோம். போன வாரம் அவளுக்குப் பார்க்கும்போது இடது பக்கமாக உட்கார்ந்தேன். முடிச்சை அவிழ்த்து, அந்த வடுவின்மேல் விரலை வைத்தபடி, “அன்னைக்கே பாத்தேன்டி. பாத்துட்டுத்தான் இல்லேன்னு சொன்னேன்” என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினாள்.

“என்ன மதினி? ஏதும் இருக்கா?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.