உம்மாவின் பாகத்துக்கு ஓர் ஆள்

எங்கள் வீட்டில் நடந்ததை எவரும் குற்றம் என்று சொன்னதில்லை. நன்மை என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கும் குடும்பத்தில் ஒரு மௌத்து விழுந்து துக்கத்துக்கு ஆட்கள் கூடியிருந்தால், மாமா அன்று எவ்வளவு பெரிய காரியம் செய்தார் என்று ஒருவராவது எடுத்துச் சொல்லாமல் எழும்புவதில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன். அந்த இடத்தில் வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியாது.

அந்தக் காலத்தில் சாச்சி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கமராவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எல்லாம் வாயால்தான். சாச்சி உம்மாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தார். கல்முனையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படத்தை மறுபடி போட்டபோது வாப்பா உம்மாவையும் சாச்சியையும் மெட்னிக்குக் கூட்டிப்போனார். பெரிய வீடு, சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து கிடக்கும் பணக்காரர், வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு பொய். உம்மா படம் முடியும்வரை பயந்து சாச்சியின் கையைப் பிடித்தபடி இருந்தாராம். சாச்சிக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆட்களைப் போட்டது பிழை என்பது அவருடைய கட்சி. கொலைகாரனாக நடித்தவருக்குத் தடித்த புருவமும் பெரிய மீசையும். வந்து நிற்கும்போதே இவன்தான் என்று விளங்கிவிடுகிறது, பிறகு எதற்குக் காசைக் கொடுத்துக் கடைசிவரை குந்தியிருப்பது என்று கேட்டார். கொலைகாரனுக்கு நல்ல முகம் வேண்டும், தெருவில் போனால் நாலு பேர் நின்று சலாம் சொல்கிற முகம் வேண்டும் என்றார்.

அதனால் அந்தப் படத்தை எங்கள் ஊர் ஆட்களை வைத்துத் திருப்பி எடுப்பது என்று முடிவானது. தேங்காய் துருவும்போதும் எனக்குத் தலை வாரும்போதும் சாச்சி ஆள் தேடினார். துப்பறிகிறவர், எங்கள் பஸ்ஸில் வரும் கொண்டக்டர். யார் எங்கே ஏறினான், டிக்கட் எடுத்த இடத்தைத் தாண்டி யார் களவாகப் போகிறான் என்பதெல்லாம் அந்த மனுசனுக்கு மறக்காது. சந்தேகப்படுகிற சமையல்காரனுக்கு, ரொட்டி விற்க வரும் பாண்காரர். அவரிடம் நேரம் என்ன என்று கேட்டாலே களவெடுத்தவர் மாதிரி முழிப்பார். படத்தில் ஒரு நாய் வந்தது, அது என் தம்பிக்கு. எனக்குத் தொலைபேசியை எடுத்துப் பேசும் பெண்ணின் வேடம். தொலைபேசி எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததில்லை, சிரட்டையைக் காதில் வைத்துப் பழகினேன்.

செத்துக் கிடக்கும் பணக்காரர் மாமா. உம்மாவுக்கும் சாச்சிக்கும் அவர் மூத்த காக்கா, உடன்பிறந்த அண்ணன்; பஸாரில் புடைவைக்கடைக்காரர். பகல்சோறு தின்றதும் சாய்கதிரையில் வாயைத் திறந்தபடி கிடப்பார், அவருக்குப் பழக்கவே தேவையில்லை என்றார் சாச்சி. அவருடைய அழகான மனைவியின் வேடம்தான் படத்தில் பெரியது. அதை உம்மாவுக்குக் கொடுத்தார். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"காக்காக்குப் பொஞ்சாதியா நான் நடிக்கிறதா? அஸ்தஃபிருல்லாஹ். ஒனக்கென்ன புள்ள பைத்தியமா?"

அவர்தான் முதல் காட்சியிலேயே செத்துவிடுகிறாரே, பிறகென்ன என்றார் சாச்சி.

படத்தின் பெரிய வீடு எங்கள் வளவிலேயே இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். தாய் தகப்பன் இருந்த வீடு மூத்த மகளான உம்மாவுக்கு வந்தது. அவர்கள் காலமான பிறகு சாச்சிக்கு வீடு கட்டிக்கொடுப்பது மாமாவின் கடமை. அத்திவாரம் போட்டு, சன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பி நின்றது. சம்மாந்துறைத் தச்சரிடம் செய்வித்த கதவு நிலைகளும் சன்னல் நிலைகளும் மழை படாமல் எங்கள் கொட்டிலில் சாத்தியிருந்தன. அந்தச் சுவர்களுக்குள் தம்பி நாயாகக் குரைத்துக்கொண்டு ஓடுவான். சாச்சி இது வந்தவங்கள இருத்துற என்ட சாலை, இது என்ட குசினி, இந்த மூலையில என்ட புத்தக அலுமாரி என்று காட்டிக்கொண்டு நடப்பார்.

பிறகு உம்மா மூன்றாவது பிள்ளைப்பேற்றில் மௌத்தானார். பிள்ளையும் இல்லை. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு தம்பிதான் படத்தைக் கேட்டு அழுதான். சாச்சி தொடங்கினார். உம்மாவின் பாகத்துக்கு இனி யார் என்று நான் கேட்டேன். சாச்சி துருவலையை விட்டு எழும்பாமல் சொன்னார்.

"அதுக்கு ஆரும் இல்ல மகள். அந்த இடம் வரக்குள்ள படம் கொஞ்சம் இருட்டாப் போகும். நீங்க கண்ண மூடிக்கங்க."

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். அந்த ஏற்பாடு எங்களுக்குச் சரியாக இருந்தது.

ஊருக்குத்தான் சரியாக இருக்கவில்லை. பெண்சாதி இல்லாத மனிதரும் கலியாணம் முடிக்காத மச்சினிச்சியும் ஒரு கூரைக்குள் எப்படி இருப்பது? வாப்பா தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு தன் கடையில் போய்ப் படுத்தார், காலையில் மட்டும் வந்து எங்களைப் பார்த்தார். அதற்கும் கதைத்தார்கள். சாச்சி அப்போது ஆசிரியப் பயிற்சிக்கு எடுபட்டிருந்தார். நோன்புப் பெருநாள் கழிய வெளியூர்க் கலாசாலைக்குப் போகவேண்டும். பயிற்சிக்காலம் முடியும்வரை எங்களை வாப்பாவின் கூடப்பிறந்த ராத்தா வந்து பார்ப்பதாகப் பேச்சு.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்மார் இரண்டு பேரோடு வந்து எங்கள் வீட்டுச் சாலையில் உட்கார்ந்தார். வாப்பா வேறிடத்தில் முடித்தால் அந்தப் பெண்ணின் வீட்டுக்கல்லவா போய்விடுவார், பிள்ளைகளின் கதி என்ன? சாச்சிக்கு வெளியே மாப்பிள்ளை பார்த்தால், வருகிறவன் இந்தப் பிள்ளைகளைப் பார்க்க விடுவானா? பேச்சு எங்கே சுற்றினாலும் ஓரிடத்தில்தான் வந்து நின்றது. கதவுக்குப் பின்னால் சாச்சி நின்றார். வாப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா என்னைக் கூப்பிட்டு மடியில் வைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"மகள், ஒங்களுக்கு ஆர் உம்மாவா வந்தா விருப்பம்?"

சாச்சி என்றேன். வேறு யாரைச் சொல்வது? ஒரு மரைக்கார் 'மாஷா அல்லாஹ்' என்றார். மற்றவர் கண்ணைத் துடைத்தார். நான் கதவுக்குப் பின்னால் ஓடினேன். உம்மாவின் பாகத்துக்கு உங்களைத்தான் போட்டிருக்கிறேன் என்று சாச்சியிடம் சொன்னேன். பெரிய வேடம் கிடைத்தால் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அந்த இடத்துக்கு ஆளில்லை என்று முந்தியே சொன்னேனே மகள் என்றார், அவ்வளவுதான்.

இதை என் குற்றம் என்று ஒப்புக்கொள்வதற்காக நான் எழுதவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் தீர்ப்பைத் திணித்து வாங்கியவர்கள் பெரியவர்கள். அவர்கள் எல்லோரும் ஐந்து வேளையும் தொழுதவர்கள்.

மரைக்கார்மார் போன பிறகு சாச்சி வெளியே வந்து மாமாவுக்கு முன்னால் நின்றார். அவர் மாமாவை நேரே பார்த்துப் பேசி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"காக்கா, எனக்குப் படிக்கப் போகணும். புள்ளைகளப் பாக்கமாட்டன் எண்டு செல்லல்ல. இந்த வளவுக்குள்ளதானே என்ட வீடு. படிச்சிட்டு வந்து பக்கத்துல இருந்து பாக்கிறன்."

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு எப்போதும் கோபம் வந்ததில்லை. அவர் சாச்சியின் தலையில் கைவைத்தார்.

"நீ ஒண்டுக்கும் யோசிக்காத. புள்ளைகள்ட முகத்தப் பாரு."

சாச்சி எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த நாள் தலை வாரும்போது சாச்சி படத்தில் ஒரு மாற்றம் செய்தார். மாமாவைப் பிணமாகப் போட்டது பிழை, அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்றார். என்ன வேலை என்று கேட்டால் சொல்லவில்லை. எங்களைக் கேட்காமல் ஆளை மாற்றியதில் எனக்குச் சரியான கோபம். அப்படியென்றால் சாகிறது யார் என்று கேட்டேன். சீப்பு மட்டும் முடியில் ஓடிக்கொண்டிருந்தது.

நோன்புக்கு முன்பே வாப்பாவுக்கும் சாச்சிக்கும் காவின் எழுதிக் கலியாணம் முடித்துவைத்தார்கள். உம்மா இருந்த அதே வீடு, அதே அறை. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். எனக்குப் பச்சைச் சட்டை, தம்பிக்குத் தொப்பி. அன்றைக்கு அந்த வளவில் சந்தோசமாக இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் மாமாவும்தான். வாப்பா நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார், கையோங்கமாட்டார், மாட்டேன் என்றும் சொல்லத் தெரியாது. அந்த வார்த்தையை அவர் ஒருதரம் சொல்லியிருந்தால் போதும், அதற்காக நான் இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவரை 'மச்சான்' என்று கூப்பிட்டு வந்த சாச்சி, காவினுக்குப் பிறகு எப்படியும் கூப்பிடவில்லை. வாசலைப் பார்த்து, "சோறு போட்டிருக்கு" என்பார். கலாசாலை தொடங்கிய நாள் வந்தது, போனது. படத்தைக் கேட்டபோது, அது எடுத்து முடிந்துவிட்டது என்றார்.

பெருநாள் கழிந்து மாமா ஒரு ட்ரக்டரோடு வந்தார். கொட்டிலில் இருந்த நிலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ட்ரக்டர் இழுக்கும் பெட்டியில் ஏற்றினார்கள். இருக்க ஒரு வீடு இருக்கும்போது இன்னொன்று எதற்கு, சும்மா கிடந்து கறையான் தின்னும் என்றார். அவருடைய மூத்த மகள் அந்த வருடம்தான் பெரியபிள்ளையாகியிருந்தாள். அவளுக்கும் ஒரு வீடு கட்டவேண்டுமே. அந்த நிலைகள் இன்றைக்கும் அவளுடைய வீட்டில் பொலிஷ் பூசப்பட்டு நிற்கின்றன. தங்கைக்குக் கட்ட வேண்டிய வீட்டின் செலவு மிச்சமாகிவிட்டது. ஊர் மெச்சும் மாமாவின் பெரிய காரியம் அதுதான். எனக்கு இது விளங்கியபோது என்னையே பெண் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ட்ரக்டர் மட்டும்தான். தம்பியையும் என்னையும் மாமா தூக்கி நிலைகளுக்கு மேலே உட்கார வைத்தார். அவ்வளவு உயரத்தில் நான் அதுவரை இருந்ததில்லை, அங்கிருந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் கடல்கூடத் தெரிந்தது. சாச்சி அரைச் சுவருக்குள், சாலை என்று காட்டுவாரே அந்த இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ட்ரக்டர் நகர்ந்தது. "சாச்சி, இஞ்ச பாருங்க" என்று கையசைத்தேன். மாமா கீழே நடந்துகொண்டே, இனி உம்மா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று திருத்தினார். 'உம்மா' என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. ட்ரக்டர் இரைச்சலில் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, தம்பியையும் சேர்த்துக்கொண்டு, சந்தி வரும்வரை உம்மா, உம்மா என்று கத்திக்கொண்டே போனேன்.