சத்து சுடு

மலாய் நாட்டில், குருண் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிற இராசாத்திக்கு வயது ஐம்பத்தெட்டு. கோணியைத் தோளில் போட்டு அவள் இறங்கினால், முன்னால் மண்டோர் போகும். வேலையாட்களை மேய்க்கும் மேலாளைத் தோட்டத்தில் மண்டோர் என்பார்கள். கையை அசைக்காமல் முன்னால் நடந்து எல்லாரையும் முறைக்கிற குணம் பொருந்திப் போனதால், அவளுடைய கறுப்பு நாய்க்கும் அதே பெயர்.

மண்டோர் மோந்து பார்த்த செம்பனை நிரைக்குள் நாகம் தங்காது. இரண்டு நாகங்கள் அதற்குப் பயந்து பண்டார் பாரு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயின. ஒன்று போனதை நானே பார்த்தேன். மற்றது மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட மண்டோருக்குப் பின்னங்கால்கள் தளர்ந்தன. படுத்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஜித்ராவில் இருக்கும் மகன் யோகேந்திரனுக்கு அது போதுமாக இருந்தது. போனில் பிடித்துக்கொண்டான்.

“முன்னால நாய் இல்லாம நீங்க காட்டுல இறங்க வேணாம்மா. இருபது நாள் பாப்பேன். அது நடக்கலன்னா கெரெத்தா கொண்டாந்து ரெண்டு பேரையும் ஏத்திட்டு வந்துருவேன். வேலையும் போதும், வீடும் போதும்.”

“நடக்கும்லா. நீ கெரெத்தாவ நல்லா கழுவி வை. சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரலாம்.”

மறுநாளே நாயைத் தூக்கிக்கொண்டு குருண் கால்நடை மருத்துவரிடம் போனாள். மூட்டுத் தேய்மானம் என்றார் அவர். தினமும் சத்துத்தூள் கொடுக்க வேண்டும், கொஞ்சம் நடக்கவும் வைக்க வேண்டும், பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும். இரண்டு மாதக் கணக்கை மகனுக்குச் சொல்ல இராசாத்தி மறந்துபோனாள். அவள் மறக்க நினைத்தது எதையும் மறக்காமல் விட்டதில்லை.

டின்னில் எல்லாம் ஆங்கிலம். “எனக்குத் தமிழ் எழுத்துதான் படிக்க வரும்” என்றதும், மருந்து கொடுக்கும் பிரேமலா ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தாள்: ‘காலையில் சத்து சுடு. சோற்றில் கலந்து கொடு.’

இராசாத்தி எழுதியபடி நடப்பவள். விடிந்ததும் இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, தூளைக் கொட்டி, பொன்னிறமாக வரும்வரை சுட்டாள். தோல் செருப்பு தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம் கிளம்பியது. அதன் கனத்தில் வீட்டு ஓடுகள் இரண்டு பெயர்ந்தன. சட்டி ஏறும் சத்தம் கேட்டாலே மண்டோர் முனகிக்கொண்டு எழுந்து, திடலைத் தாண்டிக் கோயில் வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். கலந்து வைத்த சோற்றைக் கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினெட்டாம் நாள் இராசாத்தி டின்னோடு பிரேமலா முன்னால் போய் நின்றாள்.

“நல்ல மருந்து கொடுத்தியே. சுடச் சுட வீடு நாறுது.”

“ஏங்க்கா அதப் போயி சுட்டீங்க?”

“நீதான எழுதுன? சத்த சுடுன்னு.”

பிரேமலா சீட்டை வாங்கிப் படித்தாள். தலையில் கை வைத்தாள். “ஐயோ அக்கா, அது மலாய்லா. சத்து சுடு. ஒரு கரண்டி.”

இராசாத்தி சந்தையில் மலாய் பேசினால் மலாய்க்காரர்களே அவளிடம் சொல் கடன் கேட்பார்கள். ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டுவிட்டால் அவள் கண்ணுக்கு எல்லாம் தமிழ்தான்.

“கரண்டின்னு எழுதினா கை வலிக்குமா உனக்கு?”

“எங்க வீட்டுல யாருக்கா கரண்டிங்கிறா? சுடுதான்.”

இரண்டு பேரும் சிரித்ததில் வரிசையில் இருந்த பூனையொன்று வைத்தியம் பார்க்காமலே குணமாகிவிட்டது.

மறுநாள் காலை, சுடாத தூள் ஒரு கரண்டி நெத்திலிச் சோற்றில் விழுந்தது. மண்டோர் தட்டையும் சேர்த்து நக்கியது. ஆனால் கால் அப்படியேதான் இருந்தது. ஒரே கரண்டியில் என்ன ஆகும்?

இருபதாம் நாள் யோகேந்திரன் கழுவிய கெரெத்தாவோடு வந்து இறங்கினான். மண்டோர் வாசலில் கோணியாகக் கிடந்தது.

“என்னம்மா, எழுந்திருக்கவே மாட்டேங்குது?”

“உக்காரு. தேத்தண்ணி போடறேன்” என்று உள்ளே போன இராசாத்தி, இரும்புச் சட்டியை எடுத்து அடுப்பில் டங்கென்று வைத்தாள்.

மண்டோர் எழுந்தது. திரும்பிப் பார்க்காமல் திடலைக் கடந்தது. கோயில் வாசல் வரை அது போவதை யோகேந்திரன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான்.

“நல்லாத்தான் நடக்குது” என்றான் கடைசியில்.

“சத்துடா” என்றாள் இராசாத்தி.

மகன் தேநீரைக் குடித்துவிட்டுத் தனியாகத்தான் ஜித்ரா திரும்பினான். தினமும் ஒரு கரண்டி தவறவில்லை. மூன்றாம் மாதம் மண்டோர் பழையபடி நிரைக்கு முன்னால் நடந்தது. இரும்புச் சட்டி மட்டும் இன்னும் ஆணியில் தொங்குகிறது, மகன் வரும் நாளுக்கு.